வீட்டில் இருந்தபடியே 1780-ஆம் ஆண்டு நீதிமன்றத்திற்கு

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு கம்ப்யூட்டரும் பிராட்பேண்ட் இணைப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மவுஸ் பழகிவிட்டது, தமிழில் டைப் செய்யவும் வந்துவிட்டது. ஆனால் முகத்தில் கோபம். பல ஆண்டுகளாகப் படிக்க வேண்டும் என்று நினைத்திருந்த ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பிடித்திருக்கிறார். தலைப்பு தெரிகிறது, முதல் பக்கம் தெரிகிறது. அதற்கு மேல் கிளிக் செய்தால் டாலரில் பணம் கேட்கிறது. "கம்ப்யூட்டர் இருந்தா உலகமே வீட்டுக்குள்ள வரும்னு சொன்னீங்களே தம்பி, இங்க கதவு பூட்டியில்ல இருக்கு?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பூட்டிய கதவைப் பற்றிப் பின்னால் பேசுவோம். அன்று அவருக்கு நான் காட்டியது திறந்திருக்கும் ஒரு பெரிய கதவை. உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் புதிதாக வந்திருந்தால் இதை உடனே செய்து பார்க்கலாம்.

பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு சர்ச் இஞ்சினில் 'ஓல்ட் பெய்லி ஆன்லைன்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். முதலில் வரும் முடிவே பெரும்பாலும் நாம் தேடும் தளமாக இருக்கும். ஓல்ட் பெய்லி என்பது லண்டன் நகரின் மத்திய குற்றவியல் நீதிமன்றம். அங்கே நடந்த வழக்குகளின் சுருக்கத்தை அச்சிட்டு விற்பது 1674-இல் தொடங்கி 1913 வரை நடந்தது. அந்த வெளியீடுகளில் உள்ள 1,97,745 வழக்குகளையும் வரலாற்றுப் பேராசிரியர்கள் மூவர் தலைமையில் ஒரு குழு கம்ப்யூட்டருக்குள் ஏற்றியது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த டிம் ஹிட்ச்காக், ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஷூமேக்கர், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கிளைவ் எம்ஸ்லி ஆகியோரே அந்த மூவர். முதல் பகுதி 2003-இல் வெளிவந்தது. 1913 வரையிலான முழுத் தொகுப்பும் 2008-இல் நிறைவடைந்தது. மொத்தம் சுமார் 12 கோடியே 70 லட்சம் சொற்கள். படிக்கப் பைசா கட்ட வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

ஒரு வழக்கு எண்

இந்தத் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு எண் உண்டு. டி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஆண்டு, மாதம், நாள், ஒரு சிறு கோடு, வரிசை எண் என்று வரும். டி17800628-33 என்றால் 1780 ஜூன் 28-இல் தொடங்கிய அமர்வின் 33-ஆவது வழக்கு என்று பொருள். பைல்களுக்குப் பெயர் வைக்கும்போது நாமும் இதே முறையைப் பின்பற்றலாம். ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில் என்று எண்ணால் எழுதினால் ஃபோல்டரில் அவை தேதி வரிசையில் தாமாகவே அமர்ந்துகொள்ளும்.

டீச்சருக்கு நான் திறந்து காட்டியது இந்த வழக்கைத்தான். 1780 ஜூன் மாதத்தில் லண்டனில் கார்டன் கலவரம் என்ற பெரிய கலவரம் நடந்தது. கூட்டம் நியூகேட் சிறையை உடைத்துத் தீ வைத்தது. சிறைக் கண்காணிப்பாளர் ரிச்சர்ட் ஏக்கர்மேனின் வீட்டையும் இடித்தார்கள். அதில் பங்கு கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் பெஞ்சமின் பௌசி என்ற கறுப்பினத்தவர். மேலும் ஐந்நூறு பேருடன் சேர்ந்து இதைச் செய்தார் என்று குற்றப்பத்திரிகை சொல்கிறது. சாட்சிகள் ஒவ்வொருவராக வருகிறார்கள். எங்கே பார்த்தாய், எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேள்விகள் போகின்றன. முடிவில் மரண தண்டனை. பாடப் புத்தகத்தில் கார்டன் கலவரம் வந்தால் அதிகபட்சம் இரண்டு வரி வரும். பௌசியின் பெயர் அதில் இருக்காது. இங்கே அவரைப் பற்றிச் சாட்சிகள் சொன்னது பக்கம் பக்கமாக இருக்கிறது.

இந்தப் பௌசி வழக்குக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. வரலாற்று மாணவர்களுக்கு புரோகிராமிங் சொல்லித் தரும் 'புரோகிராமிங் ஹிஸ்டாரியன்' என்ற இலவசப் பாடத் தொகுப்பு 2008-இல் தொடங்கியது. இன்டர்நெட்டில் இருந்து ஒரு பக்கத்தை டவுண்லோட் செய்து அதில் உள்ள சொற்களை எண்ணுவதற்கு பைத்தான் மொழியில் பாடம் நடத்தும்போது, எடுத்துக்காட்டாக அவர்கள் எடுத்துக்கொண்டது இதே வழக்கைத்தான். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

ஸ்கேனருக்குப் பதில் டைப்பிஸ்ட்

பழைய காகிதத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஸ்கேனரில் வைத்து ஒரு பட்டனைத் தட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஸ்கேன் செய்தால் கிடைப்பது ஒரு படம். அந்தப் படத்தில் உள்ள எழுத்தைக் கம்ப்யூட்டர் படித்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்ற வேண்டும் என்றால் ஓ.சி.ஆர். என்ற சாப்ட்வேர் தேவை. இன்றைய புத்தகம் என்றால் இது நன்றாக வேலை செய்யும். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கால 'எஸ்' எழுத்து பல இடங்களில் நீளமாக, 'எஃப்' போலவே இருக்கும். 'பெஸ்ட்' என்ற சொல்லை சாப்ட்வேர் 'பெஃப்ட்' என்று படித்துவிடும். மலிவான தாளில் மை பரவி அச்சான பக்கம், அதிலும் மைக்ரோபிலிமில் இருந்து எடுத்த படம் என்றால் கேட்கவே வேண்டாம்.

எனவே 1834 அக்டோபர் வரையிலான பகுதியை மனிதர்களே டைப் செய்தார்கள். அதுவும் ஒரே பக்கத்தை இரண்டு பேர், ஒருவர் டைப் செய்ததை மற்றவர் பார்க்காமல். பிறகு இரண்டு பைல்களையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒருவர் செய்த தவறையே, அதே இடத்தில், அதே மாதிரி மற்றவரும் செய்வது மிக அபூர்வம். எங்கெல்லாம் இரண்டும் வேறுபடுகின்றனவோ அங்கெல்லாம் மூலத்தைப் பார்த்துச் சரி செய்தார்கள். 1834-க்குப் பிறகு அச்சு தெளிவாகிவிட்டதால், ஒருவர் டைப் செய்ததை ஓ.சி.ஆர். படித்ததோடு ஒப்பிட்டார்கள். நம் வீட்டுக் கணக்குப் பட்டியலை எக்ஸெல்லில் ஏற்றும்போதுகூட இந்த வழி உதவும். கணவர் ஒரு முறை, மனைவி ஒரு முறை டைப் செய்து கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

அடுத்து டேக். வெப் பக்கங்களில் தலைப்பு எது, பத்தி எது என்று பிரவுசருக்குச் சொல்ல எச்.டி.எம்.எல். குறியீடுகள் இருக்கின்றன அல்லவா? அதே போல இங்கே எக்ஸ்.எம்.எல். என்ற முறையில், இது குற்றம் சாட்டப்பட்டவர் பெயர், இது பாதிக்கப்பட்டவர் பெயர், இது குற்றம், இது தீர்ப்பு, இது தண்டனை என்று ஒவ்வொன்றுக்கும் குறியீடு இட்டார்கள். ஒரு பகுதியைக் கம்ப்யூட்டரும் மீதியை ஆட்களும் செய்தார்கள். இதனால்தான் சொல்லை மட்டும் அல்லாமல், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, இந்தக் குற்றத்திற்கு, இந்தத் தண்டனை பெற்றவர்கள் என்றும் தேட முடிகிறது.

39 ஷில்லிங் ரகசியம்

தேடிப் பார்க்க ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு வீட்டிற்குள் இருந்து 40 ஷில்லிங் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. கடையில் யாரும் பார்க்காமல் எடுத்தால் 5 ஷில்லிங்கே போதும், தூக்குதான். சட்டம் அப்படி இருந்தது. ஆனால் வழக்குகளைப் படித்துக்கொண்டே போனால், திருடப்பட்ட பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொல்வதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கடைத் திருட்டு என்றால் 5 ஷில்லிங்குக்குச் சில பென்ஸ் குறைவாக இருக்கும். பொருளின் உண்மையான விலை அதைவிடப் பல மடங்கு என்பது அதே பக்கத்தில் பொருளை இழந்தவர் சொன்ன கணக்கிலேயே தெரியும். ஒரு பணிப்பெண்ணைச் சில ஆடைகளுக்காகத் தூக்கில் போட அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. சட்டத்தை மாற்ற அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. விலையைக் குறைத்துச் சொல்ல அதிகாரம் இருந்தது. அப்படித் தப்பியவர்களில் பலர் முதலில் அமெரிக்காவுக்கும், 1787-க்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் நாடு கடத்தப்பட்டார்கள்.

ஒரே ஒரு வழக்கில் 39 ஷில்லிங் என்று படித்தால் அது ஒரு விலை, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான வழக்குகளைத் திரையில் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் அதன் பின்னால் உள்ள மனிதர்கள் தெரிகிறார்கள். முன்பு இதற்கு லண்டனுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது.

திருட்டுப் பொருள்களின் பட்டியலைப் பார்த்தால் நமக்குத் தெரிந்த பொருள்களும் வரும். 'காலிக்கோ', 'மஸ்லின்' என்று தேடிப் பாருங்கள். கோழிக்கோடு ஊரின் பெயரிலிருந்து வந்ததுதான் காலிக்கோ. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலை செய்த 'லாஸ்கார்' மாலுமிகளும் சில வழக்குகளில் வருகிறார்கள், குற்றவாளியாகவும் சாட்சியாகவும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கம்ப்யூட்டர் ஓர் எண்ணிக்கையைக் காட்டினால் நாம் அப்படியே நம்பிவிடுகிறோம். இந்த வழக்குச் சுருக்கங்கள் விற்பனைக்காக அச்சிடப்பட்டவை. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வாதத்தைப் பல இடங்களில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 1790-களின் தொடக்கத்தில் சிறிது காலம், விடுதலையில் முடிந்த வழக்குகளை அச்சிடவே நகர நிர்வாகம் தடை போட்டிருந்தது. இதை அறியாமல் அந்த ஆண்டுகளில் எத்தனை பேர் விடுதலையானார்கள் என்று எண்ணிப் பார்த்தால், லண்டன் நீதிபதிகள் திடீரென்று கொடூரமாகிவிட்டார்கள் என்ற முடிவுக்குத்தான் வருவோம். அதனால் தளத்தில் தேடும் கட்டத்திற்குப் போகும் முன், பேராசிரியர்கள் எழுதி வைத்துள்ள பின்னணிக் குறிப்புகளைப் படித்துவிடுங்கள். பெயர் தேடும்போது ஒரே பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். அந்தக் காலத்தில் காதில் விழுந்தபடி எழுதினார்கள். வழக்கு நீளமாக இருந்தால் கண்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தி, வேண்டிய சொல்லை அந்தப் பக்கத்திலேயே தேடலாம்.

12 கோடிச் சொற்களை யாராலும் உட்கார்ந்து படித்து முடிக்க முடியாது. கம்ப்யூட்டரை விட்டுப் படிக்கச் சொன்னால்? 2014-இல் சாரா கிளிங்கன்ஸ்டைன், டிம் ஹிட்ச்காக், சைமன் டிடியோ ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. வன்முறை வழக்குகளில் பேசப்படும் சொற்களும் மற்ற வழக்குகளில் பேசப்படும் சொற்களும் எப்போது பிரியத் தொடங்கின என்று கணக்கிட்டார்கள். தொடக்கத்தில் இரண்டிலும் பேச்சு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. 1800-ஐ ஒட்டி வேறுபாடு தோன்றி, பிறகு நூறு ஆண்டுகள் வளர்ந்துகொண்டே போகிறது. பொருள் திருட்டும் ஆளை அடிப்பதும் வேறு வேறு வகைக் குற்றம் என்ற எண்ணம் நீதிமன்றத்தில் மெல்ல மெல்ல வேரூன்றியதை இது காட்டுகிறது.

சி.டி.யில் இருந்து இணையத்திற்கு

எல்லா வரலாற்று ஆய்வாளர்களும் நேரடியாக இன்டர்நெட்டுக்கு வந்துவிடவில்லை. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகப் பிடித்து அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோன கப்பல்களின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களிலும் 70-களிலும் ஒவ்வோர் ஆய்வாளரும் தன் பங்குக்குச் சில துறைமுகங்களின் பதிவேடுகளைப் படித்து, தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒருவர் கணக்கில் உள்ள கப்பல் மற்றவர் கணக்கிலும் இருக்கும். 1990-இல் லண்டன் ஆவணக் காப்பகத்தில் டேவிட் எல்டிஸ், ஸ்டீபன் பெரண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் தற்செயலாகச் சந்தித்தார்கள். இருவரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சேர்த்துவிடலாம் என்று முடிவானது. 27,233 பயணங்கள் கொண்ட தொகுப்பு 1999-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் சி.டி.யாக வந்தது.

சி.டி. என்றால் வாங்க வேண்டும். வாங்கினாலும் அது அச்சான நாளோடு நின்றுவிடும். என் அலமாரியிலேயே பத்துப் பதினைந்து சி.டி.க்கள் இருக்கின்றன. பாதியைப் புதிய விண்டோஸ் ஏற்க மறுக்கிறது. இப்போது வாங்கிய லேப்டாப்பில் சி.டி. போடும் இடமே இல்லை. அந்த ஆய்வாளர்கள் விழித்துக்கொண்டு, 2008-இல் 'ஸ்லேவ் வாயேஜஸ்' என்ற இலவசத் தளமாக அதை வெளியிட்டார்கள். அப்போது பயணங்கள் சுமார் 35,000. இப்போது 36,000-க்கும் மேல். கப்பலின் பெயர், தலைவர், புறப்பட்ட துறைமுகம், ஏற்றப்பட்டவர்கள் எத்தனை பேர், இறக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கலாம். அவர்களின் மதிப்பீட்டின்படி ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். கழித்துப் பாருங்கள். டீச்சர் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துவிட்டு, கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

பூட்டிய கதவு

இப்போது டீச்சரின் கோபத்திற்கு வருவோம். ஆய்வு இதழில் கட்டுரை எழுதும் பேராசிரியருக்கு இதழ் பொதுவாகப் பணம் தருவதில்லை. ஆனால் படிப்பவர் பணம் கட்ட வேண்டும், அல்லது அவருடைய நூலகம் சந்தா கட்ட வேண்டும். எடிட்டிங், அச்சு, இதழை நடத்தும் சங்கத்தின் செலவு எல்லாம் அந்தச் சந்தாவில்தான் ஓடுகிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ராய் ரோசன்ஸ்வைக், வரலாற்று ஆய்வு இலவசமாக இருக்க வேண்டாமா என்று 2005-லேயே தன் சக ஆய்வாளர்களிடம் கேள்வி எழுப்பினார். 1994-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக்கும் புதிய ஊடகத்திற்குமான மையத்தைத் தொடங்கியவர் அவர். டேனியல் கோயனுடன் சேர்ந்து எழுதிய டிஜிட்டல் வரலாறு பற்றிய புத்தகம் கடையிலும் விற்றது, இன்டர்நெட்டில் இலவசமாகவும் கிடைத்தது. 2006-இல் அவர் விக்கிபீடியாவில் உள்ள 25 வாழ்க்கை வரலாறுகளைச் சரிபார்த்து, தெளிவான தகவல் பிழை நான்கில்தான் இருந்தது என்று எழுதியபோது பல பேராசிரியர்களுக்கு ஆச்சரியம். 2007-இல் அவர் காலமானார். அந்த மையம் இப்போது அவர் பெயரில் இயங்குகிறது.

எல்லோரும் அவர் பக்கம் இல்லை. 2013-இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கம், புதிதாகப் பி.எச்.டி. முடித்தவர்கள் விரும்பினால் தங்கள் ஆய்வேட்டை இன்டர்நெட்டில் வெளியிடாமல் ஆறு ஆண்டுகள் வரை நிறுத்திவைக்கப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்க வேண்டும் என்று அறிக்கை விட்டது. கடும் விவாதம் நடந்தது. ஆய்வேடு இலவசமாகக் கிடைத்தால் பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போடத் தயங்கும். புத்தகம் இல்லையென்றால் அந்த இளைஞருக்கு நிரந்தர வேலை கிடைக்காது என்பது சங்கத்தின் வாதம். இலவசமாகப் படிக்க விரும்பும் நமக்கு இது பிடிக்காது. வேலை தேடும் இளைஞரின் இடத்தில் இருந்து பார்த்தால் பதில் அவ்வளவு எளிதாக இல்லை. என்னைக் கேட்டால், பேராசிரியர் பதவியில் அமர்ந்துவிட்டவர்கள் முதலில் கதவைத் திறக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. 'ஜேஸ்டோர்' என்று ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. பழைய இதழ்களை வைக்க நூலக அலமாரிகளில் இடம் போதவில்லை என்ற பிரச்னையில் பிறந்தது அது. அமெரிக்காவின் வில்லியம் போவன் என்பவரின் யோசனையில் 1995-இல் தனி அமைப்பானது. அதில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால், எந்தக் கல்லூரியிலும் இல்லாதவர்கள்கூட மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். டவுண்லோட் செய்ய முடியாது, அவ்வளவுதான். மிகப் பழைய இதழ்களில் பலவற்றைக் கணக்கே இல்லாமல் படிக்கலாம். கட்டுரையின் தலைப்பை மேற்கோள் குறிகளுக்குள் போட்டுத் தேடினால், பேராசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டு வைத்த பி.டி.எஃப். பைல் சில சமயம் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் அவருக்கே ஒரு மெயில் எழுதிக் கேளுங்கள். தன் கட்டுரையைப் படிக்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்றால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

படித்தவற்றைக் குறித்துவைக்க, ரோசன்ஸ்வைக்கின் மையம் 2006-இல் வெளியிட்ட 'ஸோடெரோ' என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. ஒரு கட்டுரையைப் பார்க்கும்போது ஒரு கிளிக் செய்தால் தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாவற்றையும் தானே எடுத்து அடுக்கி வைத்துக்கொள்ளும். முதலில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரோடு மட்டும் இயங்கியது. இப்போது தனி புரோகிராமாகவே இன்ஸ்டால் செய்யலாம்.

டீச்சர் கேட்ட கட்டுரை ஜேஸ்டோரில் இருந்தது. கணக்குத் தொடங்க பத்து நிமிடம் ஆனது, அதில் ஏழு நிமிடம் பாஸ்வேர்டு யோசிப்பதில் போயிற்று. நான் கிளம்பும்போது அவர் அந்தக் கட்டுரையைத் திறக்கவில்லை. ஓல்ட் பெய்லியில் 'காலிக்கோ' என்று டைப் செய்து, வந்த முதல் வழக்கைப் படித்துக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தப் பொண்ணுக்கு 39 ஷில்லிங் போட்டிருக்காங்களான்னு பார்த்துட்டுப் போங்க" என்றார்.